தபாலில் வந்த பூட்டு

1989ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஏறத்தாழ 20,000 அஞ்சலுறைகள் லண்டனிலிருந்து புறப்பட்டுப் பல நாடுகளுக்குச் சென்றன. ஒவ்வோர் உறையிலும் ஒரு பிளாப்பி வட்டும் ஒரு துண்டுத்தாளும் இருந்தன. எயிட்ஸ் நோய் பற்றிய அறிமுகத் தகவல்கள் அடங்கிய வட்டு என்று அதன்மேல் அச்சிடப்பட்டிருந்தது. அனுப்புநர் பெயர் பி.சி. சைபோர்க் கார்ப்பரேஷன். உறையைப் பெற்றவர்களில் ஒரு சாரார் ஆங்கிலக் கணினி இதழ் ஒன்றின் சந்தாதாரர்கள். மற்றொரு சாரார் எயிட்ஸ் குறித்த பன்னாட்டு மாநாட்டில் கலந்துகொண்டவர்கள். அந்நோயைப் பற்றிய அச்சம் உலகெங்கும் பரவியிருந்த காலம் அது. அறிவூட்டும் நோக்கில் வந்த வட்டை ஐயுறுவதற்கு அவர்களுக்கு எந்தக் காரணமும் இல்லை. வட்டைக் கணினியில் இட்டார்கள். மென்பொருள் சில கேள்விகளைக் கேட்டது. விடைகளைக் கொண்டு, நோய் தொற்றும் வாய்ப்பு அவரவர்க்கு எவ்வளவு என்று மதிப்பிட்டுச் சொல்லவும் செய்தது.

சொன்ன வேலையைச் செய்துகொண்டே அது சொல்லாத வேலையையும் செய்தது. கணினி ஒவ்வொரு முறை இயக்கப்படும்போதும் ஓசையின்றி எண்ணிக்கொண்டு வந்தது. எண்ணிக்கை 90ஐ எட்டிய அளவில், வன்தட்டில் இருந்த கோப்புகளின் பெயர்கள் யாவும் புரியாத எழுத்துக் குவியல்களாக மாறின. கோப்புறைகள் கண்ணில் படாமல் மறைந்தன. குத்தகைப் பணம் செலுத்த வேண்டிய நேரம் வந்துவிட்டது என்றது திரை. 365 முறை பயன்படுத்த 189 டாலர். வன்தட்டின் ஆயுட்காலம் முழுமைக்கும் 378 டாலர். பணத்தைப் பனாமா நாட்டின் அஞ்சற்பெட்டி ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். இதற்கான விலைச்சீட்டைக் கணினியின் அச்சுப்பொறியே அச்சிட்டுக் கொடுத்தது.

பிறருடைய கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்கும் மென்பொருளை இன்று ரான்சம்வேர் என்கிறோம். தமிழில் பணயத் தீநிரல் என்று வழங்கலாம். அறியப்பட்ட அவ்வகை நிரல்களில் முதலாவதாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பது இந்த வட்டைத்தான். இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. உடன் வந்த துண்டுத்தாள், உரிமக் கட்டணம் செலுத்தாவிட்டால் உங்கள் கணினியின் பிற மென்பொருள்கள் பாதிப்புக்குள்ளாகும் என்று சிறிய எழுத்தில் முன்கூட்டியே எச்சரித்திருந்தது. நிபந்தனைகளைப் படிக்காமலேயே ஒப்புக்கொள்ளும் நம் வழக்கம் அன்றே வேரூன்றிவிட்டது என்பதற்கு அந்தத் தாள் ஒரு சான்று.

*

இந்த வரலாற்றில் நாம் நின்று நோக்க வேண்டிய இடம் இதற்குப் பின்னரே வருகிறது. ஜிம் பேட்ஸ் என்னும் பிரிட்டிஷ் கணினி வல்லுநர் அந்நிரலைப் பகுத்து ஆராய்ந்தார். அது கோப்புகளின் பெயர்களைத்தான் மாற்றியிருந்தது. உள்ளடக்கத்தைத் தொடவே இல்லை. பெயர்களை மாற்றிய முறையும் எளியதாக இருந்தது. பூட்டிய சாவியைக் கொண்டே திறக்க முடிந்தது, அந்தச் சாவியும் நிரலுக்குள்ளேயே இருந்தது. நிரலை நீக்கவும் பெயர்களை மீட்கவும் பேட்ஸ் இரண்டு மென்பொருள்களை எழுதி வழங்கினார்.

ஆனால் அதற்குள் சிலர் அச்சத்தில் முந்திவிட்டார்கள். நச்சு நிரலை ஒழிப்பதாக எண்ணி வன்தட்டு முழுவதையும் தாங்களே அழித்துவிட்டார்கள். இத்தாலியில் எயிட்ஸ் தொடர்பான அமைப்பொன்று இவ்வாறு பத்தாண்டு உழைப்பை இழந்ததாக அக்காலத்தில் செய்தி வெளியாயிற்று. திருடன் தொடாத பொருளை உடைமைக்காரரே தீயிலிட்டது போன்ற நிகழ்ச்சி இது. வேறோர் இடத்தில் ஒரு படி இருந்திருக்குமானால் அந்த அச்சத்துக்கு இவ்வளவு வலிமை வந்திருக்காது.

நிரலை அனுப்பியவர் என்று குற்றஞ்சாட்டப்பட்டவர் ஜோசப் பாப். ஹார்வர்டில் பயின்ற பரிணாம உயிரியல் அறிஞர். அமெரிக்காவில் கைது செய்யப்பட்டு பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார். கிடைக்கும் பணத்தை எயிட்ஸ் ஆய்வுக்கே தரவிருந்ததாக அவர் தரப்பில் கூறப்பட்டது. 1991இல், வழக்கை எதிர்கொள்ளும் மனநிலையில் அவர் இல்லை என்று நீதிமன்றம் முடிவு செய்தது. வழக்கு அத்துடன் நின்றது.

*

பாப்பின் பூட்டில் இருந்த குறை, சாவியைப் பூட்டோடு சேர்த்துக் கொடுத்ததுதான். 1996இல் ஆடம் யங், மோட்டி யுங் என்னும் இரு ஆய்வாளர்கள் இக்குறையைச் சுட்டி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பூட்டுவதற்கு ஒரு சாவி, திறப்பதற்கு வேறொரு சாவி என்னும் மறைகுறியீட்டு முறை 1970களிலேயே கண்டறியப்பட்டிருந்தது. தீநிரல் ஒன்று பூட்டும் சாவியை மட்டும் சுமந்து வந்தால் என்ன ஆகும்? அதை எவ்வளவு நுணுகி ஆராய்ந்தாலும் திறக்கும் வழி கிடைக்காது. அது தாக்கியவனிடமே இருக்கும். பின்னால் வரக்கூடியதை எச்சரிப்பதே அவர்கள் நோக்கம்.

அந்த எச்சரிக்கை மெய்யாக ஏறத்தாழ 20 ஆண்டுகள் பிடித்தன. பனாமா அஞ்சற்பெட்டிக்குப் பதிலாக, பெறுபவரை எளிதில் அடையாளம் காட்டாத பிட்காயின் என்னும் பணமும் வந்து சேர்ந்தது. 2013இல் மின்னஞ்சல் இணைப்புகள் வழியே பரவிய கிரிப்டோலாக்கர் இவ்விரண்டையும் இணைத்தது. வீட்டுக் கணினிகளில் இருந்த குடும்பப் படங்களும் கடிதங்களும் பிணையாயின. தாக்குபவனுக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. அவை உடையவருக்கு அருமையானவை என்பது ஒன்றே அவனுக்குப் போதும்.

2017 மே 12 அன்று வான்னாக்ரை என்னும் நிரல் பரவத் தொடங்கியது. அது யாரும் எதையும் திறப்பதற்காகக் காத்திருக்கவில்லை. விண்டோஸ் இயங்குதளத்தில் இருந்த ஓட்டை ஒன்றின் வழியே கணினியிலிருந்து கணினிக்குத் தானே தாவியது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டன. இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையில் 19,000க்கும் மேற்பட்ட மருத்துவச் சந்திப்புகள் கைவிடப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இரண்டு மாத அவகாசம் இருந்தும் எண்ணற்ற கணினிகளில் அது நிறுவப்படவில்லை. ‘பின்னர் நினைவூட்டு’ என்னும் பொத்தானை நாம் அழுத்தும்போது எதைத் தள்ளிப்போடுகிறோம் என்பதை இந்தக் கணக்கு சொல்கிறது.

அடுத்த மாதமே, ஜூன் 27 அன்று, நாட்பெட்யா வந்தது. பணயம் கேட்பதுபோல் தோன்றினாலும் உண்மையில் அது அழிப்பதற்கென்றே எழுதப்பட்டது. பணம் கொடுத்தாலும் மீட்க இயலாது. டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் 45,000 கணினிகளையும் 4,000 வழங்கிகளையும் பத்தே நாட்களில் புதிதாக நிறுவ நேர்ந்தது. யார் எவர் என்பதை அடையாளம் காணும் அதன் மைய ஏடு, உலகெங்கும் பல வழங்கிகளில் படியெடுத்து வைக்கப்பட்டிருந்தது. அவை அனைத்தும் ஒன்றோடொன்று இணைந்திருந்ததால் அனைத்தும் ஒருசேர அழிந்தன. கானா நாட்டில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. தாக்குதலின்போது அங்கே மின்சாரம் இல்லை. அதனால் அந்த வழங்கி வலையமைப்பிலிருந்து அறுந்து கிடந்தது. அதைக் கொண்டே நிறுவனம் மீண்டது.

*

தமிழ் படித்தவருக்கு இது புதிய பாடமன்று. நம் பழைய நூல்கள் ஓலைகளில் வாழ்ந்தன. ஓலைக்குக் கரையானும் ஈரமும் தீயும் பகை. அவற்றிலிருந்து நூலைக் காத்தது, தலைமுறைதோறும் அதைப் புதிய ஓலையில் பெயர்த்தெழுதிய கைகள். அப்படிகள் வெவ்வேறு ஊர்களில், மடங்களிலும் புலவர் வீடுகளிலும் கிடந்தன. ஓரிடத்தில் சிதைந்த வரி மற்றோரிடத்தில் முழுமையாக இருந்தது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது இத்தகைய பல பிரதிகளை ஒப்பு நோக்கியே. ஒரே இடத்தில் ஒரே படியாக இருந்த நூல்கள் எத்தனை அழிந்தன என்பதற்குக் கணக்கில்லை. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறு படி உள்ளவற்றைத் திரும்பத் தேட முடிந்தது. சுவடிகளைத் தேட இடமில்லை.

கணினி உலகம் இந்தப் பட்டறிவைத் தன் வழியில் கண்டடைந்திருக்கிறது. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் தம் நூலின் வழியே பரப்பிய நெறி அது. எந்தக் கோப்புக்கும் மூன்று படிகள் வேண்டும். அவை இரண்டு வகையான சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றேனும் வேறிடத்தில் இருக்க வேண்டும். பணயத் தீநிரல்களின் காலத்தில் இதனோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: ஒரு படியாவது கணினியோடு இணைக்கப்படாமல் இருக்க வேண்டும். எப்போதும் செருகியே கிடக்கும் வெளித்தட்டு, பூட்டு விழும்போது சேர்ந்தே பூட்டப்படும். படி எடுத்தால் மட்டும் போதாது. ஆண்டுக்கு ஓரிரு முறையாவது அதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பார்க்கவும் வேண்டும். திறக்காத படியும் செல்லரித்த ஓலையும் ஒன்றே.

ஆய்வு மாணவர்கள் என்னிடம் அத்தியாயங்களைக் காட்ட வரும்போது பென் டிரைவ் ஒன்றைக் கொண்டு வருவார்கள். களப்பணியில் பதிவு செய்த ஒப்பாரிப் பாடல்கள் அதில் இருக்கும். பாடிய மூதாட்டிகளில் சிலர் இப்போது இல்லை. இதற்கு வேறு படி உண்டா என்று கேட்பேன். ‘மடிக்கணினியில் இருக்கிறது ஐயா’ என்பார்கள். மடிக்கணினி எங்கே என்றால் அதே பையில் இருக்கும். அன்று அத்தியாயம் பார்ப்பதைத் தள்ளிவைத்து, துறைக் கணினியில் வைரஸ் சோதனை செய்து, வெளித்தட்டு ஒன்றில் படி எடுத்து அலமாரியில் பூட்டி வைக்கச் சொல்வது என் வழக்கம். அரைமணி நேர வேலை அது. அந்தப் பாடல்களை இனி யாரும் மறுபடி பாடித் தரப்போவதில்லை.