எச்சரிக்கை எத்தனை முறை ஒலிக்க வேண்டும்? மண்சரிவு அபாயமும் தானியங்கி அறிவித்தல்களும்

ஹட்டன், டிக்கோயா பக்கம் தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை கொட்டும் மாதங்களில் உடப்புசல்லாவையில் மழை குறைவு. நுவரெலியாவுக்குக் கிழக்கே உள்ள இந்தத் தோட்டங்களுக்கு அச்சம் வடகீழ் பருவப்பெயர்ச்சியோடு வருகிறது. 2007 ஜனவரியில் வலப்பனைப் பகுதி மண்சரிவுகள் உயிர்களைப் பறித்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களைச் சிதைத்தது.

மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கிறது. அதன் அடிப்படை மழை அளவு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். இது மஞ்சள் நிலை. 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். இது செம்மஞ்சள் நிலை. 150 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தாலோ வெளியேற வேண்டும். இது சிவப்பு நிலை.

தானியங்கி மழைமானியை ஒரு மென்பொருளோடு இணைத்து, அளவு தாண்டியதும் குறுஞ்செய்தி அனுப்பச் செய்வது இன்று கடினமான வேலையல்ல. அந்தச் செயல் எத்தனை முறை நடக்க வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் கடினம். மழைமானி 10 நிமிடத்துக்கு ஒரு முறை அளவை அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் செய்தி போனால், 10 மணி நேர இரவில் 60 செய்திகள் வரும். மறுநாள் கொழுந்து பறிக்கப் போக வேண்டியவர் மூன்றாவது செய்தியிலேயே தொலைபேசியை அணைத்துவிடுவார். சிவப்பு எச்சரிக்கை வரும்போது அதைக் கேட்க ஆள் இருக்காது.

இதைத் தவிர்க்கச் சம்பவ முகாமைத்துவ மென்பொருள்களில் சில கட்டுப்பாடுகள் உண்டு.

ஒன்று, அளவு வரும்போதெல்லாம் இயங்காமல், நிலை மாறும்போது மட்டும் இயங்குவது.

இரண்டு, இடைவெளி. ஒரு செய்தி போனபின் குறித்த நேரம்வரை அதே செய்தி போகாது. ஆனால் மஞ்சள் சிவப்பாக மாறினால் இந்த இடைவெளி அதைத் தடுக்கக் கூடாது.

மூன்று, ஏறும் அளவும் இறங்கும் அளவும் வேறாக இருப்பது. மழை 74, 76, 74 என்று ஊசலாடினால் எச்சரிக்கையும் வந்து வந்து போகும். எனவே 75இல் தொடங்கிய எச்சரிக்கை, அதைவிட நன்கு குறைந்த பின்னரே நீங்க வேண்டும். மழை விட்ட பின்னும் நீர் ஊறிய மண் சரியலாம் என்பதால், நீக்கும் முடிவை மனிதரிடம் விடுவதே பாதுகாப்பு.

நான்கு, பதில் வராவிட்டால் அடுத்தவருக்குச் செல்வது. கிராம உத்தியோகத்தர் செய்தியைப் பெற்றதாக உறுதிப்படுத்தாவிட்டால், அது பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும்.

நான்காவது கட்டுப்பாட்டின் அருமையை மீரியபெத்தை சொல்லும். 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தையில் உள்ள அந்தத் தோட்டத்தின் லயன்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தும் மக்களுக்கு மாற்றுக் காணியும் வீடும் கிடைக்கவில்லை. அதிகமாக ஒலிப்பது ஒரு பிழை என்றால், ஒலித்துவிட்டு யாரும் தொடராமல் விடுவது அதைவிடப் பெரிய பிழை.

வடக்கு கிழக்குக் கரையோரத்தவர்களுக்கும் இது புதிதல்ல. 2004இல் எச்சரிக்கையே இல்லாமல் கடல் வந்தது. 2012 ஏப்ரல் 11 அன்று சுனாமி எச்சரிக்கை கேட்டு மக்கள் உள்நாட்டுக்கு ஓடினார்கள். பேரலை வரவில்லை. அன்று ஓடியது வீண் அல்ல. ஆனால் அப்படிப் பலமுறை ஓட நேர்ந்தால், ஒருநாள் ஓடாமல் இருந்துவிடுவோம்.

எத்தனை முறை என்பதோடு எந்த மொழியில் என்பதும் முக்கியம். டித்வா நாட்களில் தமிழில் அறிவித்தல்கள் பிந்தி வந்தன என்ற குறை பரவலாக எழுந்தது. புரியாத மொழியில் 60 முறை வருவதைவிட, புரியும் மொழியில் ஒரு முறை வருவது மேல்.

நிலத்தில் புதிய வெடிப்பு, சுவரில் விரிசல், சாயும் மரங்கள், திடீரெனக் கிளம்பும் அல்லது வற்றும் ஊற்று, கலங்கி வரும் நீர் ஆகியவற்றைக் கண்டால் எந்தச் செய்திக்கும் காத்திருக்காமல் விலகுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.