மேயோவில் குத்தகையும் வெளியேற்றமும்

அயர்லாந்தின் மேற்குக் கடலோரத்தில், கொனாட் மாகாணத்தில் இருக்கிறது மேயோ கவுண்டி. சதுப்பும் மலையும் மிகுந்த, மழைக்குக் குறைவில்லாத பகுதி. 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இங்கே சுமார் 3,89,000 பேர் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிறர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பிழைத்தவர்கள். நிலமோ சில குடும்பங்களின் கையில். வெஸ்ட்போர்ட்டில் மாளிகை கட்டி வாழ்ந்த ஸ்லைகோ பிரபுவுக்கு ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல். காசல்பாரில் லூகன் பிரபுவுக்குச் சுமார் 60,000 ஏக்கர். கிழக்கே டில்லன் பிரபுவுக்கு 80,000 ஏக்கருக்கு மேல். டில்லன் குடும்பம் குடியிருந்தது இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில். குடிகள் பிரபுவின் முகத்தைப் பார்த்ததில்லை. அவர்களுக்குத் தெரிந்த அதிகாரம் காரியஸ்தரோடு முடிந்தது.

குத்தகை பெரும்பாலும் ஆண்டுக்கு ஆண்டு தொடரும் வாய்மொழி ஏற்பாடு. பணம் மே மாதம் ஒரு தவணை, நவம்பரில் ஒரு தவணை. புதிதாக வருபவரிடம் முதல் அரையாண்டுத் தொகையைக் கேட்காமல் விட்டுவைக்கும் வழக்கம் பல பண்ணைகளில் இருந்தது. கேட்பதற்குச் சலுகை போலத் தோன்றும். ஆனால் அந்த ஏற்பாட்டால் குடியானவர் முதல் நாளிலிருந்தே கடனாளி. எப்போது வேண்டுமானாலும் நிலுவையைக் காட்டி அவரை வெளியேற்றலாம். நிலவுடைமையாளர் கொடுத்தது வெறும் மண். வீடு கட்டுவது, கல் பொறுக்குவது, வடிகால் வெட்டுவது, வேலி போடுவது எல்லாம் குடியானவரின் செலவு, குடியானவரின் உழைப்பு. அவர் வெளியேறும் நாளில் அத்தனையும் சட்டப்படி நிலத்துக்கு உரியவருக்கே போய்ச் சேர்ந்தது. வடக்கே அல்ஸ்டரில் வெளியேறும் குடியானவர் தன் உரிமையை அடுத்தவருக்கு விற்றுவிட்டுப் போகும் வழக்கம் ஓரளவு நிலைத்திருந்தது. மேயோவில் அந்தப் பாதுகாப்பும் இல்லை. நிலத்தைச் செப்பனிட்டால் குத்தகை உயரும் என்ற பயத்தில் பலர் செப்பனிடாமலே விட்டதில் வியப்பில்லை.

பல ஊர்களில் நிலம் கூட்டாகக் குத்தகைக்கு எடுக்கப்பட்டு, குடும்பங்களுக்கிடையே துண்டுதுண்டாகப் பங்கிடப்பட்டது. நல்ல மண், நடுத்தர மண், சதுப்பு என ஒவ்வொன்றிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு கீற்று. மகனுக்குத் திருமணமானால் அதிலும் ஒரு பங்கு பிரியும். ஒரு காணித் துண்டில் ஒரு குடும்பம் உயிர் வாழ முடிந்ததற்கு ஒரே காரணம் உருளைக்கிழங்கு. குத்தகைப் பணத்துக்குப் பன்றியையும் ஓட்ஸையும் விற்றார்கள். அதுவும் போதாமல் ஆண்கள் கோடையில் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் அறுவடைக் கூலிகளாகப் போய் வந்தார்கள். லங்காஷயர் வயலில் கிடைத்த கூலி, மேயோவில் பிரபுவின் கணக்கில் குத்தகையாக வரவு வைக்கப்பட்டது.

வெளியேற்றத்துக்குச் சட்டத்தில் இரண்டு வழிகள். ஆண்டுக் குத்தகைதாரருக்குக் காரணம் எதுவும் சொல்லாமல் ஆறு மாத நோட்டீஸ் கொடுக்கலாம். அல்லது ஓராண்டுக் குத்தகை நிலுவையானதும் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். தீர்ப்பு வந்ததும் ஷெரீப் அமீனாக்களோடும் போலீஸ் காவலோடும் ஊருக்கு வருவார். வீட்டுச் சாமான்களை வெளியே எடுத்துப் போட்டு, அடுப்பை அணைத்து, கதவைச் சாத்துவதோடு சட்டத்தின் வேலை முடிந்தது. மீண்டும் குடியேறாமல் இருக்கக் கூரையைப் பிரித்துச் சுவரை இடிப்பது, கூலிக்கு அமர்த்திய கடப்பாரைக்காரர்களின் வேலை. நிலுவைக்காக வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் முழுத் தொகையும் கட்டினால் நிலத்தை மீட்கலாம். அதுவரை சிலரை அதே வீட்டில் காவலாள் என்ற பெயரில் இருக்க விடுவதும் உண்டு. பார்ப்பதற்கு இரக்கம்; ஆனால் குத்தகைதாரர் என்ற நிலை போய்விட்டதால் அடுத்த முறை அவரை அகற்றுவது இன்னும் சுலபம்.

1845இல் உருளைக்கிழங்கைக் கருகல் நோய் தாக்கியது. அடுத்த ஆண்டு ஏறக்குறைய முழு விளைச்சலும் அழுகியது. அந்த ஆண்டுகளில் நடந்த வெளியேற்றங்களை உடைமையாளர்களின் கொடுமை என்று மட்டும் சொல்லிவிட்டால், சட்டம் செய்த வேலை மறைந்துவிடும். ஏழைகளைக் காக்கும் செலவு உள்ளூர் நில வரியின்மேல் சுமத்தப்பட்டிருந்தது. 1843ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஆண்டு மதிப்பு 4 பவுண்டுக்கு மேற்படாத நிலங்களுக்கு அந்த வரியைக் குடியானவர் கட்ட வேண்டியதில்லை. முழுவதையும் உடைமையாளரே கட்ட வேண்டும். ஏழைக்கு உதவ நினைத்துச் செய்யப்பட்ட திருத்தம் அது. மேயோவில் நிலம் வைத்திருந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் இந்த வரம்புக்குள் வந்தார்கள். பஞ்சத்தில் குத்தகை நின்றது; வரி ஏறியது. 1847இல் லண்டன் அரசு, அயர்லாந்தின் வறுமையை அயர்லாந்தின் சொத்தே தாங்கட்டும் என்று முடிவுசெய்து, நிவாரணச் சுமை முழுவதையும் இந்த வரியின் தலையில் கட்டியது. ஒவ்வொரு சிறு குடிசையும் உடைமையாளருக்கு ஒரு வரி ரசீதாக மாறியது. குடிசையை இடித்தால் வரி குறையும்.

ஸ்லைகோ பிரபு தொடக்கத்தில் வெளியேற்றத்தைத் தவிர்த்தவர். தம் மாளிகையை மூடினார், கடன் வாங்கினார். 1848இல் எழுதிய ஒரு கடிதத்தில், ஒன்று குடிகளை வெளியேற்ற வேண்டும், இல்லையேல் தாமே வெளியேற்றப்பட வேண்டும் என்ற கட்டாயத்தில் நிற்பதாகத் தம் நிலையை விளக்கினார். அதன்பின் அவரும் நோட்டீஸ் கொடுத்தார். அவருடைய நெருக்கடி உண்மையானது. ஆனால் அவர் இழக்கவிருந்தது மாளிகை. அவருடைய குடிகள் இழந்தது கூரை, அதைத் தொடர்ந்து பெரும்பாலும் உயிர். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

வெளியேற்றத்தை விரைவுபடுத்திய இன்னொரு சட்டப்பிரிவு 1847 ஜூனில் வந்தது. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருக்கும் எவருக்கும் அரசு நிவாரணம் கிடையாது என்றது அது. பசியில் கிடக்கும் குடும்பம் நிலத்தை ஒப்படைத்துவிட்டுக் கஞ்சிக்கு வரிசையில் நிற்கலாம். நிலத்தைப் பிடித்துக்கொண்டு சாகலாம். மனைவி மக்களுக்காவது உதவி கிடைக்கலாம் என்ற விளக்கம் வர மறு ஆண்டு ஆயிற்று. இந்தப் பிரிவைக் கொண்டுவந்தவர் கால்வே கவுண்டியில் நிலம் வைத்திருந்தவரும் நாடாளுமன்ற உறுப்பினருமான வில்லியம் கிரெகரி. இலங்கை வாசகர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநராக இருந்து கொழும்பு அருங்காட்சியகத்தை நிறுவியவர் அவரே. நுவரெலியாவின் கிரெகரி ஏரியும் அவர் பெயரைத் தாங்கியது. அயர்லாந்தின் மேற்கில் அதே பெயர் கால் ஏக்கரோடு சேர்த்தே நினைக்கப்படுகிறது.

லூகன் பிரபுவுக்குத் தயக்கமே இருக்கவில்லை. சிறு குடிகளை அகற்றிப் பெரிய பண்ணைகள் அமைப்பதே அவர் திட்டம். 1846க்கும் 1849க்கும் இடையில் பாலின்ரோப் பகுதியில் மட்டும் சுமார் 300 குடிசைகளை இடித்து ஏறக்குறைய 2,000 பேரை வெளியேற்றினார். காலியான நிலம் மேய்ச்சலுக்குப் போனது. சில ஆண்டுகள் கழித்து பாலக்லாவாப் போரில் குதிரைப்படைக்குத் தலைமை தாங்கியவரும் இவர்தான். அந்தப் புகழ் மேயோவில் எடுபடவில்லை. 1848இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது: வெளியேற்றத்துக்கு 48 மணி நேரம் முன்பு நிவாரண அதிகாரிக்குத் தகவல் தர வேண்டும், ஆள் உள்ளே இருக்கும்போது வீட்டை இடிக்கக் கூடாது, இரவிலும் கிறிஸ்துமஸ் நாளிலும் புனித வெள்ளியிலும் வெளியேற்றம் கூடாது. தடுக்க வேண்டியிருந்த செயல்கள் எவை என்பதை அந்தச் சட்டமே சொல்லிவிடுகிறது. வெளியேற்றங்களைப் பற்றிய போலீஸ் கணக்கு 1849இல் தொடங்கியது. அந்த ஆண்டு முதல் 1854 வரை அயர்லாந்து முழுவதும் நிரந்தரமாக வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் ஏறத்தாழ 49,000. மேயோவின் மக்கள்தொகை 1851இல் சுமார் 2,74,000 ஆகச் சுருங்கியது.

உடைமையாளர்களிலும் பலர் மீளவில்லை. கடனில் மூழ்கிய பண்ணைகளை விற்க 1849இல் தனிச் சட்டம் வந்தது. ஆயிரக்கணக்கான பண்ணைகள் கைமாறின. வாங்கியவர்களில் பெரும்பாலோர் அயர்லாந்திலேயே பணம் சேர்த்த வணிகர்கள், வழக்கறிஞர்கள், பிற உடைமையாளர்கள். போட்ட பணத்துக்கு வருமானம் எதிர்பார்த்த அவர்கள் பழைய பிரபுக்களைவிடக் கறாராக நடந்துகொண்டார்கள். 1860ஆம் ஆண்டுச் சட்டம் குத்தகையை வெறும் ஒப்பந்தம் என்று வரையறுத்து அவர்கள் கையை வலுப்படுத்தியது. 1870இல் பிரதமர் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த சட்டம், வெளியேற்றப்படும் குடியானவருக்கு இழப்பீடு தர வழிசெய்தது. ஆனால் நிலுவைக்காக வெளியேற்றப்பட்டால், இருப்பிடம் குலைந்ததற்கான இழப்பீடு பொதுவாகக் கிடையாது. மழையில் விளைச்சல் போகும் மேயோவில் நிலுவை இல்லாத வீடு எத்தனை இருக்கும்?

1877 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் விளைச்சல் கெட்டது. அமெரிக்கத் தானியம் சந்தை விலையைத் தள்ளியது. இங்கிலாந்திலும் அறுவடை மோசமானதால் கோடைக்கால வேலைக்குப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். 1879 ஏப்ரல் 20 அன்று மேயோவின் ஐரிஷ்டவுனில் குத்தகைக் குறைப்புக் கேட்டு ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். ஏற்பாட்டின் பின்னணியில் நின்றவர்களில் மைக்கேல் டேவிட் முக்கியமானவர். மேயோவின் ஸ்ட்ரெய்டில் 1846இல் பிறந்தவர். நான்கு வயதில் குடும்பத்தோடு வெளியேற்றப்பட்டு லங்காஷயருக்குப் போனவர். பதினொரு வயதில் பஞ்சாலை இயந்திரத்தில் வலக்கையை இழந்தவர். ஆகஸ்டில் காசல்பாரில் மேயோ நிலச் சங்கம் உருவானது; அக்டோபரில் அது டப்ளினில் தேசிய நிலச் சங்கமாக விரிந்தது. தலைவர் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல், தாமே ஒரு நிலவுடைமையாளர்.

சங்கம் கேட்டது நியாயமான குத்தகை. ஒருவர் வெளியேற்றப்பட்ட நிலத்தை வேறு எவரும் எடுக்கக் கூடாது என்பது அதன் முதல் விதி. நிலத்துக்கு உரியவரின் பலம் முழுவதும் அடுத்த குத்தகைதாரர் காத்திருக்கிறார் என்பதில்தான் இருந்தது. அந்த ஆள் வராவிட்டால் வெளியேற்றம் என்பது வருமானமில்லாத வெற்று நிலத்தை உண்டாக்கும் செயலாகிவிடும். நாடு முழுவதும் வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் 1879இல் 1,238, 1880இல் 2,110. வெளியேற்றப்படுவோருக்கான தற்காலிக இழப்பீட்டு மசோதாவை 1880 ஆகஸ்டில் பிரபுக்கள் சபை நிராகரித்தது. கோபம் தெருவுக்கு வந்தது.

மாஸ்க் ஏரிக்கரையில் எர்ன் பிரபுவின் நிலத்துக்குக் காரியஸ்தராக இருந்தவர் கேப்டன் சார்லஸ் பாய்காட். விளைச்சல் கெட்டதால் குடிகள் குத்தகையில் 25 சதவீதம் குறைக்கக் கேட்டார்கள். பிரபு 10 சதவீதத்துக்குமேல் இறங்கவில்லை. 1880 செப்டம்பர் 22 அன்று வெளியேற்ற நோட்டீஸ் கொடுக்க வந்தவரை ஊர்ப் பெண்கள் சேற்றையும் சாணத்தையும் வீசி விரட்டினார்கள். மறுநாளிலிருந்து பாய்காட்டின் வயலில் ஆள் இல்லை, வீட்டில் வேலைக்காரர் இல்லை, கடையில் சாமான் இல்லை, தபால் கொண்டுவரவும் ஆள் இல்லை. நவம்பரில் காவன், மோனகன் கவுண்டிகளிலிருந்து புராட்டஸ்டன்ட் அமைப்பான ஆரஞ்சு சங்கத்தினர் சுமார் 50 பேர் வந்து கிழங்கையும் தானியத்தையும் எடுத்தார்கள். அவர்களுக்குக் காவல், ராணுவத்தினரும் போலீசாருமாக ஏறத்தாழ 1,000 பேர். எடுத்த விளைச்சலின் மதிப்பு சுமார் 500 பவுண்டு; எடுத்து முடிக்க ஆன செலவு சுமார் 10,000 பவுண்டு. மாத முடிவுக்குள் பாய்காட் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனார். ஒரு துப்பாக்கிக்கும் இல்லாத பலத்தை ஊரின் ஒற்றுமை காட்டியது.

1881ஆம் ஆண்டு நிலச் சட்டம் மூன்று உரிமைகளைத் தந்தது: நியாயக் குத்தகை, குத்தகை கட்டும் வரை நிலைத்த இருப்பு, தன் உரிமையை விற்கும் சுதந்திரம். நிலக் கமிஷன் என்ற அமைப்பு குத்தகைத் தொகையைத் தீர்மானித்தது. அந்தத் தொகை 15 ஆண்டுகளுக்கு மாறாது. முதல் சுற்றில் சராசரியாக ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. நிலுவை உள்ளவர்களுக்கு இந்த வாசல் மூடியிருந்தது. மேயோவுக்கு அது பெரிய குறை. மறு ஆண்டு வந்த நிலுவைச் சட்டம், சிறு குடியானவர்களின் பழைய கடனில் ஒரு பகுதியை அரசே கட்டி, மீதியைத் தள்ளுபடி செய்தது. உடைமையாளருக்கு இனி குத்தகையை உயர்த்தவும் முடியாது, நினைத்தபடி ஆளை மாற்றவும் முடியாது. அந்த நிலையில் நிலத்தை விற்பதே லாபம் என்று அவர்களில் பலர் எண்ணத் தொடங்கினார்கள்.

விற்பனைக்கு அரசு கடன் கொடுத்தது. 1885ஆம் ஆண்டுச் சட்டம் 50 லட்சம் பவுண்டு ஒதுக்கி, முழு விலையையும் 49 ஆண்டுத் தவணையில் கட்ட வழிசெய்தது. 1891இல் நெருக்கடிப் பகுதிகளுக்கென்று தனி வாரியம் வந்தது. அது பண்ணைகளை மொத்தமாக வாங்கி, துண்டு நிலங்களை ஒழுங்குபடுத்திக் குடிகளுக்கே விற்றது. மேயோவின் கிளேர் தீவு அப்படித்தான் கைமாறியது. 1899இல் டில்லன் பண்ணையை வாரியம் 2,90,000 பவுண்டுக்கு வாங்கியது. 1903ஆம் ஆண்டு விண்டம் சட்டம், விற்கும் உடைமையாளருக்கு விலைக்கு மேல் 12 சதவீதம் ஊக்கத்தொகை கொடுத்தது. வாங்குபவர் ஆண்டுக்கு 3¼ சதவீதம் வீதம் 68½ ஆண்டுகள் கட்டினால் போதும். பல குடும்பங்களுக்கு அந்தத் தவணை பழைய குத்தகையைவிடக் குறைவு. விற்காமல் எஞ்சியிருந்த குத்தகை நிலங்களை 1923இல் சுதந்திர அயர்லாந்து அரசு கட்டாயமாகக் கையகப்படுத்தியது.

நிலப் போராட்டக் காலத்தில் வெளியேற்றப்பட்டவர்களில் பலருக்கு 1907ஆம் ஆண்டுச் சட்டம் நிலம் மீட்டுத் தந்தது. பஞ்ச காலத்தில் வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு எந்தச் சட்டமும் எதையும் திருப்பித் தரவில்லை.