ஒரு முயல் கடிதத்தின் பயணம்

1893 செப்டம்பர் 4ஆம் தேதி ஸ்காட்லாந்தின் டங்கெல்ட் என்ற சிற்றூரிலிருந்து லண்டனுக்கு ஒரு கடிதம் புறப்பட்டது. எட்டுப் பக்கம். எழுத்துக்கு நடுநடுவே பேனா மையில் வரைந்த சின்னச் சின்னப் படங்கள். நோயல் மூர் என்ற ஐந்து வயதுப் பையன் உடம்பு முடியாமல் படுத்துக் கிடந்தான். அவனுக்கு எழுதச் செய்தி எதுவும் தோன்றாததால் நான்கு முயல்குட்டிகளின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார் எழுதியவர். அவர் பெயர் பியாட்ரிக்ஸ் பாட்டர். வயது 27. பெற்றோருடன் கோடையைக் கழிக்க ஈஸ்ட்வுட் என்ற வாடகை வீட்டுக்கு வந்திருந்தார். அந்த நான்கு முயல்களில் சொல் பேச்சுக் கேளாத முயலின் பெயர் பீட்டர்.

சிறு குழந்தைகளுக்கு வீட்டிலேயே கற்பிக்கும் பெற்றோர் புத்தகப் பட்டியல் போட உட்கார்ந்தால், பீட்டர் ராபிட் கதை அநேகமாக முதல் பத்துக்குள் வந்துவிடும். திங்கள்கிழமை படப்புத்தகம், செவ்வாய்க்கிழமை இயற்கைப் பாடம் என்று அட்டவணையில் தனித்தனிக் கட்டமும் போட்டுவிடுவார்கள். அந்தக் கடிதம் எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் இரண்டுக்கும் நடுவே கோடு போட மனம் வராது. கடிதத்துக்கு முந்தைய நாள், அதே ஈஸ்ட்வுட்டில், அதே கை ஒரு காளானை வரைந்தது. கறுத்த செதில்கள் அடர்ந்த குடையுடன் வளரும் அரிய வகை அது. ஸ்ட்ரோபிலோமைசிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். அந்த ஓவியம் இன்றும் இருக்கிறது, தேதியோடு. இன்று காளான், நாளை முயல். மறுநாள், செப்டம்பர் 5 அன்று, நோயலின் தம்பி எரிக்குக்கு இன்னொரு கடிதம், அதில் ஒரு தவளை. பிற்காலத்தில் ஜெரமி ஃபிஷர் என்று புத்தகமாக வந்த தவளைதான் அது.

அந்தக் கை பழகிய இடம் பள்ளிக்கூடம் அல்ல. பியாட்ரிக்ஸ் 1866இல் லண்டனின் சவுத் கென்சிங்டன் பகுதியில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கு அனுப்பப்படவே இல்லை. மூன்றாம் மாடியில் இருந்த அறைதான் வகுப்பறை. வீட்டு ஆசிரியைகள் வந்து பாடம் சொன்னார்கள். ஆறு வயது இளைய தம்பி பெர்ட்ராமும் அவரும் அந்த அறையில் முயல், எலி, முள்ளெலி, வௌவால், பல்லி, தவளை, பாம்பு என்று எதையெல்லாமோ வளர்த்தார்கள். வளர்த்த பிராணி செத்துப்போனால் அதைக் கொதிக்கவைத்து எலும்பைப் பிரித்து, மறுபடி எலும்புக்கூடாகக் கோத்து, அளந்து வரைந்தார்கள். இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் பீட்டரின் நீலச் சட்டைக்குள் தோள்பட்டை எங்கே மடங்க வேண்டும், பின்னங்கால் எங்கே உதைக்க வேண்டும் என்று அந்தப் படங்கள் இம்மியும் பிசகாமல் காட்டுவதற்குக் காரணம் அந்த மாடியறைதான். கதையின் நடுவே பீட்டர் சட்டையையும் காலணிகளையும் இழந்து நாலு காலில் ஓடும். அந்தப் பக்கத்தில் குழந்தை பார்ப்பது ஒரு மெய்யான முயலை.

எட்டு வயதில் அவர் வைத்திருந்த ஓவியப் புத்தகம் ஒன்று மிஞ்சியிருக்கிறது. ஆண்டு 1875. கம்பளிப்புழுக்களை வரைந்து, எது எந்த இலையைத் தின்னும், எங்கே காணப்படும் என்று பக்கத்திலேயே குறித்திருக்கிறார். யாரும் கொடுத்த வீட்டுப்பாடமாக அது தெரியவில்லை. கோடைதோறும் மாதக்கணக்கில் ஸ்காட்லாந்தின் டால்கைஸ் மாளிகையில் குடும்பம் தங்கியது. அங்கே தோட்டமும் ஆறும் காடும் காலடியில் கிடந்தன. பொழுதும் நிறைய இருந்தது. பொழுது இருந்ததைத்தான் நான் இங்கே முதன்மையாகக் கருதுகிறேன். ஒரே புழுவை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருக்க ஒரு குழந்தையை யாரும் கலைக்காமல் விட்டார்கள்.

கடைசியாக வந்த ஆசிரியை ஆனி கார்ட்டர். 1883இல் ஜெர்மன் மொழியும் லத்தீனும் சொல்லிக்கொடுக்க வந்தவர். மாணவியைவிட மூன்றே வயது மூத்தவர். பாடம் இரண்டு வருடம்தான் நடந்தது, தோழமை கடைசிவரை நீடித்தது. பிறகு ஆனி திருமணமாகி மூர் ஆனார். நோயல் அவருடைய மூத்த பிள்ளை. ஆக, வீட்டிலேயே படித்த ஒரு பெண், தனக்கு வீட்டில் பாடம் சொன்னவரின் குழந்தைக்கு எழுதிய கடிதம் இது.

கடிதம் ஏழு வருடம் நோயலிடமே இருந்தது. குழந்தைகள் கடிதங்களைக் கிழித்துப் போடுவது வழக்கம்; இவன் பத்திரப்படுத்தினான். இடையில் பியாட்ரிக்ஸின் கவனம் முழுக்கக் காளான்களில் இருந்தது. டங்கெல்ட் பக்கத்துக் கிராமத் தபால்காரராக இருந்த சார்ல்ஸ் மெக்கின்டாஷ், நடந்தே கடிதம் கொடுத்த பாதைகளில் பாசியும் பெரணியும் காளானும் பார்த்துத் தேர்ந்தவர். 1892 அக்டோபரில் அவரைச் சந்தித்த பிறகு பியாட்ரிக்ஸின் ஓவியம் மாறியது. அழகான காளான் என்று வரைந்த காலம் போய், குடைக்கு அடியில் உள்ள மடிப்புகள், நெடுக்கு வெட்டுத் தோற்றம், முளைக்கும் வித்துகள் என்று நுண்ணோக்கி வைத்து வரையத் தொடங்கினார். மெக்கின்டாஷ் காளான் மாதிரிகளைத் தபாலில் அனுப்புவார். பதிலுக்கு ஓவியத்தின் நகல் போகும். 1897 ஏப்ரல் 1 அன்று வித்துகள் முளைப்பது பற்றிய பியாட்ரிக்ஸின் கட்டுரை லண்டன் லினியன் சங்கம் என்ற அறிவியல் அமைப்பின் முன் வைக்கப்பட்டது. கூட்டங்களில் பெண்களுக்கு அன்று இடமில்லை. கியூ தாவரவியல் தோட்டத்து ஜார்ஜ் மாஸிதான் அதை முன்வைத்தார். நூறு வருடம் கழித்து, 1997இல், பெண்களை நடத்திய விதத்துக்காக அந்தச் சங்கம் வருத்தம் தெரிவித்தது.

அறிவியல் கதவு அடைபட்டதும் கடிதங்கள் திரும்பிப் பார்க்கப்பட்டன. பிள்ளைகளுக்கு எழுதியவற்றைப் புத்தகமாக்கலாமே என்று சொன்னவர் ஆனி மூர்தான். 1900இல் பியாட்ரிக்ஸ் நோயலிடம் அந்தக் கடிதத்தை இரவல் கேட்டார். தான் எழுதியதையே இரவல் வாங்கி, படியெடுத்து, கதையை நீட்டி, படங்களைக் கூட்டினார். குறைந்தது ஆறு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. பெரிய அளவில் வேண்டும், வண்ணத்தில் வேண்டும், செய்யுளில் வேண்டும் என்று ஆளுக்கொரு நிபந்தனை. அவர் அளவில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. சின்னக் கைக்குள் அடங்கும் புத்தகம். சாதாரணக் குழந்தைக்கும் எட்டும் விலை. பெரிய, பளபளப்பான புத்தகம் அலமாரியில் உயரத்துக்குப் போய்விடும். சிறியது குழந்தையின் படுக்கைக்கும் தோட்டத்துக்கும் கூடவே போகும். ஒரு குழந்தைக்குத் தபாலில் அனுப்பிய காகிதத்திலிருந்து பிறந்ததால்தான் அவருக்கு இந்த உறுதி இருந்தது என்று நினைக்கிறேன்.

1901 டிசம்பரில் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். எழுத்தாளர் ஆர்தர் கானன் டாயில் தன் பிள்ளைகளுக்கு ஒன்று வாங்கினார். இரண்டே மாதத்தில் மேலும் 200 பிரதிகள் தேவைப்பட்டன. இதற்கிடையே குடும்ப நண்பரும், 1895இல் நிலங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பைத் தொடங்கிய மூவரில் ஒருவருமான பாதிரியார் ஹார்ட்விக் ரான்ஸ்லி, கதையைச் செய்யுளாக்கிப் பதிப்பகங்களுக்கு அனுப்பிப் பார்த்தார். ஃபிரடெரிக் வார்ன் பதிப்பகம் செய்யுளை ஒதுக்கிவிட்டு உரைநடையையே கேட்டது. படங்கள் மட்டும் வண்ணத்தில் இருக்க வேண்டும் என்றது. முயலின் பழுப்பும் இலையின் பச்சையும் தவிர வேறென்ன நிறம் இருக்கிறது என்று தயங்கியவர் பிறகு ஒத்துக்கொண்டார். 1902 அக்டோபரில் வார்ன் பதிப்பு வந்தது. முதலில் அச்சிட்ட 8,000 பிரதிகளும் வெளிவரும் முன்பே முன்பதிவில் தீர்ந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் 28,000 பிரதிகள் அச்சாகியிருந்தன.

கதையைப் படித்துக்காட்டும் பெற்றோர் சிலர் தொடக்கத்திலேயே திகைக்கிறார்கள். பீட்டரின் அப்பா மெக்கிரிகர் என்பவரின் தோட்டத்தில் சிக்கி உணவாகிவிட்டார் என்று தாய் முயல் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறது. சிலர் அந்த வரியைத் தாண்டிப் படிக்கிறார்கள். தாண்ட வேண்டாம் என்பேன். முயல் தோட்டத்தைத் தின்னும், மனிதன் முயலைத் தின்பான் என்பது அந்த மாடியறையில் எலும்பு கோத்தவருக்கு நேரில் தெரிந்த உண்மை. சொற்களிலும் அவர் குழந்தைக்காக இறங்கி வரவில்லை. வேண்டிய இடத்தில் கனமான சொல்லைத் துணிந்து வைத்தார். படம் பக்கத்தில் இருப்பதால் குழந்தை அந்தச் சொல்லைத் தானே பிடித்துக்கொள்கிறது.

முயல் சம்பாதித்த பணம் நிலமாக மாறியது. 1905இல் புத்தக வருமானத்தோடு அத்தை ஒருவர் விட்டுச்சென்ற தொகையும் சேர, இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் ஹில் டாப் பண்ணையை வாங்கினார். பிறகு பண்ணைமேல் பண்ணை. உள்ளூர் ஹெர்ட்விக் ஆடுகளை வளர்த்தார். 1943இல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கும் மேலான நிலத்தை நேஷனல் டிரஸ்ட்டுக்கு எழுதிவைத்திருந்தார். ஒரு படக்கதை இவ்வளவு நிலத்தைக் கட்டடங்களிடமிருந்து காத்தது.

அதே ஏரி மாவட்டத்தின் ஆம்பிள்சைட் ஊரில் இன்னொரு பெண்மணி வீட்டுக்கல்விக்கு ஒரு முறைமையை உண்டாக்கிக்கொண்டிருந்தார். ஷார்லட் மேசன், பிறப்பு 1842. பிராட்ஃபர்டில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் 1886இல் 'ஹோம் எஜுகேஷன்' என்ற நூலாயின. 1892இல் ஆம்பிள்சைட்டில் ஆசிரியைப் பயிற்சி இல்லத்தைத் தொடங்கினார். வீட்டில் படிக்கும் குழந்தைகளுக்குப் பருவந்தோறும் புத்தகப் பட்டியலும் பாடத்திட்டமும் தேர்வுத்தாளும் தபாலில் போயின. கடல் கடந்து வாழ்ந்த பிரிட்டிஷ் குடும்பங்களுக்கும் போயின.

மேசன் கேட்டது எளிமையானது, செய்யக் கடினமானது. ஆறு வயது வரை முறையான பாடமே வேண்டாம். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வானம் வெளுத்த நாளெல்லாம் நான்கு முதல் ஆறு மணி நேரம் வெளியில். குழந்தையை ஓடிப்போய் ஒரு காட்சியைப் பார்த்துவரச் சொல்லி, கண்டதைத் தாயிடம் விவரிக்கவைப்பது. நல்ல புத்தகத்தை ஒரே தடவை படித்துக்காட்டி, அதைக் குழந்தை தன் வாயால் திருப்பிச் சொல்லக் கேட்பது; கேள்வி-பதில் கிடையாது. இயற்கைக் குறிப்பேடு ஒன்று: தேதி, இடம், கண்ட பூவோ புழுவோ, பென்சில் கோடு இல்லாமல் நேரடியாகத் தூரிகையில். அந்தக் குறிப்பேட்டைத் திருத்தக்கூடாது, மதிப்பெண் போடக்கூடாது. 1875இல் ஒரு சிறுமி கம்பளிப்புழுவுக்குத் தானாகச் செய்ததை மேசன் எல்லாக் குழந்தைக்கும் உரியதாக்கினார் என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுகிறது.

இருவருடைய தாள்களும் இப்போது ஆம்பிள்சைட்டின் ஆர்மிட் நூலகத்தில் இருக்கின்றன. 1912இல் திறக்கப்பட்ட சிறிய இடம் அது. மேசனின் ஆவணங்களும், பியாட்ரிக்ஸ் அந்த நூலகத்துக்கே தந்த காளான் ஓவியங்களும் ஒரே கூரையின் கீழ். 1967இல் ஃபிண்ட்லே என்பவர் காளான்களை இனங்காண வழிகாட்டி நூல் எழுதியபோது, அவற்றில் 59 ஓவியங்களை எடுத்துக்கொண்டார். வெளியிட்டது அதே வார்ன் பதிப்பகம்.

மேசனின் பெயர் 1923இல் அவர் இறந்த பிறகு மெல்ல மங்கியது. 1984இல் சூசன் ஷேஃபர் மெக்காலே எழுதிய 'ஃபார் த சில்ரன்ஸ் சேக்' அதை அமெரிக்க வீட்டுக்கல்விக் குடும்பங்களுக்குக் கொண்டுபோனது. சில ஆண்டுகளில் மேசனின் ஆறு நூல்களும் மறுபதிப்பாயின. மேசனைப் பின்பற்றுவோரின் புத்தகப் பட்டியல்கள் வழியே பீட்டரும் சாப்பாட்டு மேசை வகுப்பறைகளுக்குள் வந்தது. அங்கிருந்து நம்மூரில் வீட்டுக்கல்வியில் இறங்கிய பெற்றோரிடமும் வந்திருக்கிறது.

வந்த வழியில் அதன்மேல் நிறையத் தாள்கள் ஒட்டிக்கொண்டன. முயலுக்கு வண்ணம் தீட்டு, கேரட்டுகளை எண்ணு, கோடிட்ட இடத்தை நிரப்பு. எனக்கு இதில் வருத்தம் உண்டு. கண்ணால் பார்த்துப் பார்த்து உருவான புத்தகத்தைக் கொண்டு, வேறொருவர் வரைந்த கோட்டுக்குள் குழந்தையை நிறம் நிரப்பவைக்கிறோம். சென்னையிலோ சேலத்திலோ இருக்கும் குழந்தைக்கு மெக்கிரிகரின் தோட்டம் கதையாக இருந்தால் போதும். அதைக் கேட்டு முடித்து, தன் போக்கில் திருப்பிச் சொல்லி முடித்ததும் தெருவோரத்து எருக்கஞ்செடிக்குக் கூட்டிப்போகலாம். அதன் இலையில் கறுப்பும் வெளுப்பும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட புழு மேய்ந்துகொண்டிருக்கும். முதுகில் மூன்று ஜோடி கறுப்புக் கொம்பு. வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு அது. கொம்பு எத்தனை, எந்தப் பக்கம் தலை, இலையை ஓரத்திலிருந்து தின்கிறதா நடுவிலிருந்தா என்று குழந்தை பார்த்து முடிக்கும்வரை பெரியவர் அவசரப்படாமல் நிற்க வேண்டும். எருக்கம்பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வதும், கேட்டால் தேதியையும் செடியின் பெயரையும் எழுதிக்கொடுப்பதும் அவர் வேலை. தூரிகை குழந்தையின் கையிலேயே இருக்கட்டும்.