இலண்டனும் சிங்கப்பூரும்: வான்வழி சுருங்கிய வரலாறு

இலண்டன் மாநகருக்கும் சிங்கப்பூருக்கும் இடைப்பட்ட வான்வழித் தொலைவு ஏறத்தாழ 10,900 கிலோமீட்டர் ஆகும். 1919-ஆம் ஆண்டில் இத்தொலைவைக் கடக்க 22 நாட்கள் தேவைப்பட்டன. இன்று 13 மணி நேரம் போதுமானதாக உள்ளது. பொறிகளின் வேகம் மட்டுமே இந்த மாற்றத்தை உண்டாக்கவில்லை. மனிதர் பலர் உயிரை விலையாகக் கொடுத்தும், நாடுகள் தம் வானைத் திறந்துவிட்டுமே இவ்வழி சுருங்கியது.

இங்கிலாந்திலிருந்து முப்பது நாட்களுக்குள் தாயகத்துக்குப் பறந்து வரும் ஆஸ்திரேலிய விமானிகளுக்கு 10,000 பவுன் பரிசளிப்பதாக ஆஸ்திரேலிய அரசு 1919-இல் அறிவித்தது. ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்னும் சகோதரர்கள், பென்னட், ஷையர்ஸ் என்னும் பொறிவினைஞர் இருவருடன் நவம்பர் 12-ஆம் நாள் புறப்பட்டு, டிசம்பர் 4-ஆம் நாள் சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் குதிரைப் பந்தயத் திடலில் இறங்கினர். திடலோ சிறியது. விமானம் விரைவில் நிற்கவேண்டும் என்பதற்காக, பென்னட் தம் இருக்கையை விட்டு வெளியேறி, விமானத்தின் முதுகின்மேல் சறுக்கிச் சென்று, வாற்பகுதியைத் தம் உடல் எடையால் தாழ்த்தினார். டிசம்பர் 10-ஆம் நாள் அவர்கள் டார்வின் நகரை அடைந்து பரிசை வென்றனர். அதே போட்டியில் பறந்த வேறு நால்வர் மாண்டனர்.

1952 அக்டோபரில் 'காமெட்' என்னும் ஜெட் விமானம் இவ்வழியில் சேவையைத் தொடங்கிப் பயண நேரத்தைப் பெரிதும் குறைத்தது. ஆனால் 1954 ஜனவரி 10-ஆம் நாள், சிங்கப்பூரிலிருந்து இலண்டன் நோக்கிச் சென்ற காமெட் விமானம் எல்பாத் தீவருகே நடுவானில் உடைந்து வீழ்ந்தது. அதிலிருந்த 35 பேரும் உயிரிழந்தனர். ஏப்ரலில் மற்றொரு காமெட் 21 உயிர்களுடன் அழிந்தது. கடலடியிலிருந்து மீட்ட சிதைவுகளை அறிஞர்கள் ஆராய்ந்தனர். முழு விமானம் ஒன்றை நீர்த்தொட்டியில் வைத்தும் சோதித்தனர். காற்றழுத்தம் மீண்டும் மீண்டும் ஏறி இறங்கியதால் உலோகம் களைப்புற்றுப் பிளந்தது என்னும் உண்மை புலப்பட்டது. பின்னர் வந்த விமானங்களின் கட்டமைப்புக்கு அதுவே பாடமாயிற்று.

ஒலியினும் விரைந்து பறக்கும் 'கான்கார்ட்' 1977 டிசம்பர் 9-ஆம் நாள் பாஹ்ரேன் வழியாக இரு நகரங்களையும் இணைத்தது. மலாக்கா நீரிணைக்கு மேல் அவ்வேகத்தில் பறக்க மலேசியா இசையாததால் மூன்றே பயணங்களுடன் சேவை நின்றது. 1979 ஜனவரியில் மீண்டும் தொடங்கி, 1980 நவம்பரில் ஆதாயமின்றி முடிவுற்றது.

2022-இல் போரின் காரணமாக உக்ரேன் வான்வெளி மூடப்பட்டபோது, ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே பறந்த விமானங்கள் மாற்று வழிகளை நாடின. பொறியின் ஆற்றல் குறையாதிருந்தும், நாடுகளிடையே அமைதி குலைந்ததும் வழி நீண்டது.

இலண்டனில் வாழும் மகன், தாயின் நோய்ச்செய்தி கேட்ட மறுநாளே சிங்கப்பூரில் அவள் அருகே அமர இன்று இயலுகின்றது. அந்தப் பதின்மூன்று மணி நேரம், வாற்பகுதியில் தொற்றிய பென்னட் முதல் எல்பாக் கடலில் மாண்டோர் வரை பலர் தந்த கொடையாகும்.