எண் பஞ்சமும் எல்லைக் கோடுகளும்: தென் கலிபோர்னியாவின் பகுதிக் குறியெண்கள்

தொலைபேசி எண்ணுக்கு முன்னே நிற்கும் மூன்றிலக்கப் பகுதிக் குறியெண், அதாவது ஏரியா கோடு என்று யாவரும் வழங்குவது, ஒரு பிரதேசத்தின் ஜனத்தொகை பெருகப் பெருகத் தானும் பெருகுகிறது என்பது பொதுவாக நிலவும் அபிப்பிராயம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கலிபோர்னியா ராஜ்யத்தின் தென்பகுதியில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரைச் சூழ்ந்த நிலப்பரப்பில் நிகழ்ந்தவற்றை இந்த அபிப்பிராயத்தோடு வைத்துப் பார்க்குமிடத்து, அது பாதி உண்மையே என்பது புலனாகும். 1990களில் அங்கே தலைகாட்டிய எண் பஞ்சம், பேசுவோரின் தொகையால் விளைந்ததைக் காட்டிலும் எண்களைப் பங்கிட்ட விதியாலேயே பெரிதும் விளைந்தது. அந்த விதியோ, தூரத்துக்குத் தக்கபடி கட்டணம் வசூலித்த காலத்துக் கணக்கு முறையின் மிச்சம். ஆகவே, அப்பிரதேசத்தின் குறியெண் எல்லைகளை மக்கள் வளர்ச்சியின் சுவடுகளாக வாசிப்பதைவிடக் கட்டணக் கணக்கின் சுவடுகளாக வாசிப்பதே பொருந்தும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

பெல் ஸ்தாபனத்தார் 1947 ஆம் ஆண்டில் வட அமெரிக்கக் கண்டத்தை 86 எண் பகுதிகளாக வகுத்தபோது, அவர்கள் மனத்தில் இருந்தது சந்தாதாரரின் சௌகரியம் அன்று. நெடுந்தூர அழைப்புகளை ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் கைமாற்றிய இயக்குநர்களின் வேலையைக் குறைப்பதே. ஒரே குறியெண் பெற்ற ராஜ்யங்களுக்கு நடு இலக்கம் 0 எனவும், பல குறியெண்கள் பெற்றவற்றுக்கு 1 எனவும் வைத்தார்கள். சுழல்வட்டில் இலக்கம் பெரிதாகுந்தோறும் துடிப்புகள் அதிகமாகி நேரமும் நீளுமாதலால், அழைப்புகள் மிகுந்த நகரங்களுக்குச் சிறிய இலக்கங்களைக் கொடுத்தார்கள்: நியூயார்க்குக்கு ஐந்து துடிப்புகளில் முடியும் 212, சிகாகோவுக்கும் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் ஆறு துடிப்புகளில் முடியும் 312, 213. இயக்குநரின் துணையின்றிச் சந்தாதாரரே நெடுந்தூரம் அழைக்கும் வசதி 1951 நவம்பர் 10 அன்றுதான் தொடங்கியது. நியூஜெர்ஸியின் எங்கிள்வுட் நகர மேயர் அன்று அழைத்துப் பேசியது கலிபோர்னியாவின் அலமீடா நகர மேயரோடு.

கலிபோர்னியா தொடக்கத்தில் பெற்றவை மூன்று: வடக்கே 916, நடுவே 415, தெற்கே 213. இந்த 213 இன் சரித்திரம் இடைவிடாது சுருங்கிய சரித்திரம். 1951 இல் ஆரஞ்சு மாவட்டமும் அதற்குத் தெற்கே உள்ள ஊர்களும் 714 ஆயின. 1957 இல் வடமேற்குப் பகுதி 805 ஆயிற்று. 1984 இல் சான் பெர்னாண்டோ, சான் கேப்ரியல் பள்ளத்தாக்குகள் 818 ஆகப் பிரிந்தன. 1991 இல் மேற்குக் கரையும் தென்பாகமும் 310 என்னும் பெயரில் விலகின. இதுவரையிலான பிரிவினைகளுக்கு ஜனப்பெருக்கத்தைக் காரணமாகச் சொல்வதில் தவறில்லை. நாற்பத்து நான்கு ஆண்டுகளில் நான்கு பிரிவினைகள் என்பது, போருக்குப் பிந்திய கலிபோர்னியாவின் வளர்ச்சிக்குப் பொருந்தாத வேகம் அன்று.

பொருந்தாதது அதற்குப் பின் வந்த வேகமே. 1997 ஆம் ஆண்டில் மட்டும் அந்த ராஜ்யத்தில் 562, 760, 626, 650, 530 என்று ஐந்து புதிய குறியெண்கள் பிறந்தன. லாங் பீச் நகரத்துச் சந்தாதாரர், தம் வீட்டையோ கடையையோ ஓர் அடியும் நகர்த்தாமலே, 1991 வரை 213 இலும், பின்னர் 310 இலும், 1997 ஜனவரி முதல் 562 இலும் வாசம் செய்தார். பெயர்ப்பலகை, கடிதத் தாள், வாடிக்கையாளரின் குறிப்பேடு, திருட்டை அறிவிக்கும் கருவி ஆகிய அனைத்தையும் ஆறாண்டுகளுக்குள் இருமுறை மாற்ற நேர்ந்த செலவை யாரும் எந்தக் கணக்கிலும் எழுதி வைக்கவில்லை. அது சந்தாதாரரின் பையிலிருந்து போனதாதலால் எழுத வேண்டிய கட்டாயமும் ஒருவருக்கும் இல்லை.

இங்கே சிறிது கணிதம் அவசியமாகிறது. குறியெண்ணை அடுத்து வரும் மூன்று இலக்கங்களை நிலைய எண் என்போம். அதன் முதலிலக்கம் 0 ஆகவோ 1 ஆகவோ இருக்கலாகாது. 411, 911 போன்று 11 இல் முடியும் எட்டும் வேறு காரியங்களுக்கு ஒதுக்கப்பட்டவை. எஞ்சுவன 792. ஒவ்வொரு நிலைய எண்ணின் கீழும் 10,000 எண்கள். ஆகவே ஒரு குறியெண்ணின் கொள்ளளவு 79,20,000. லாஸ் ஏஞ்சலிஸின் மேற்குப் பாகத்தில் இத்தனை தொலைபேசிகள் இருந்தனவா என்று கேட்டால் இல்லை என்பதே விடை. ஆனால் எண்கள் தொலைபேசிகளுக்கு ஒவ்வொன்றாக வழங்கப்படவில்லை. ஸ்தாபனங்களுக்குப் பத்தாயிரம் பத்தாயிரமாகவே வழங்கப்பட்டன. அதுவும் ஸ்தாபனத்துக்கு ஒன்று என்ற அளவில் நிற்கவில்லை. கட்டண மையத்துக்கு ஒன்று என்றாயிற்று. கட்டண மையமாவது, இரண்டு ஊர்களுக்கிடையே உள்ள தூரத்தை அளந்து அழைப்புக்கு விலை வைக்கும் பொருட்டுப் பழைய பெல் ஸ்தாபனம் நிலப்படத்தில் குறித்துக்கொண்ட புள்ளி. அதைச் சுற்றியுள்ள சிறு வட்டாரத்தின் எண்கள் யாவும் அப்புள்ளியில் இருப்பனவாகக் கருதப்படும்.

ஒரே ஸ்தாபனம் ஏகபோகமாக ஆண்டவரை இந்த ஏற்பாட்டினால் பெரிய நஷ்டம் விளையவில்லை. 1996 ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் உள்ளூர்ச் சேவையிலும் போட்டியை அனுமதித்தபோது நிலைமை தலைகீழாயிற்று. புதிதாக வந்த ஸ்தாபனம் ஒன்றுக்குப் பத்து மையங்களில் மையத்துக்கு ஐம்பது சந்தாதாரர்களே இருப்பினும், அது வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியது ஒரு லட்சம் எண்கள். அரிசியை மூட்டையாகத்தான் கொடுப்பேன், படியால் அளக்கமாட்டேன் என்று சாதிக்கும் பண்டகசாலையில் பஞ்சம் வருவதற்கு மழை பொய்க்க வேண்டியதில்லை. முப்பது ஸ்தாபனங்கள் இப்படிப் பத்து மையங்களில் நுழைந்தால், நாட்டில் ஒரு குழந்தையும் புதிதாகப் பிறவாத நிலையிலும், 792 இல் 300 நிலைய எண்கள் மறைந்துவிடும். நெருக்கடிக்குள்ளான பகுதிகளில், மிஞ்சிய நிலைய எண்களைக் கலிபோர்னியாவில் மாதந்தோறும் குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள் என்பது, நிர்வாகம் எந்த அளவுக்குத் தன் விதியையே விதியென்று நம்பியிருந்தது என்பதைக் காட்டுகிறது.

சாண்டா மோனிகா, பெவர்லி ஹில்ஸ், மாலிபு, டாரன்ஸ், சான் பெட்ரோ முதலிய ஊர்களையும் கடலுக்கப்பால் கட்டலீனாத் தீவையும் உள்ளடக்கிய 310 இல் இந்தப் பிரச்சினை முற்றியது. மறுபடியும் நிலத்தைக் கூறுபோடுவதற்குப் பதிலாக, அதே நிலத்தின் மீது 424 என்னும் இரண்டாம் குறியெண்ணை விரிப்பது என்று 1999 இல் ஏற்பாடாயிற்று. பழைய சந்தாதாரர் எவரும் எண்ணை மாற்ற வேண்டியதில்லை என்பது இம்முறையின் சிறப்பு. ஆனால் புதிய குறியெண் பெற்றோர் மட்டும் நீண்ட எண்களைச் சுழற்ற நேர்ந்தால், பழைய எண்களை வைத்திருக்கும் பெரிய ஸ்தாபனத்துக்கு அது அநியாயமான சாதகம் ஆகுமென்று மத்திய தகவல் தொடர்பு ஆணையம் கருதியதால், அடுத்த வீட்டை அழைப்பதற்கும் முழு எண்ணையும் சுழற்ற வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தே வந்தது. கலிபோர்னியாவில் அது முன்னிற்கும் 1 உட்படப் பதினோரு இலக்கம். 1999 ஏப்ரலில், 424 நடைமுறைக்கு வருமுன்னரே, இந்தப் பதினோரு இலக்கம் அமலாயிற்று; உடனே கிளர்ச்சியும் எழுந்தது.

இக்கிளர்ச்சியைச் செல்வந்தர் வட்டாரத்தின் வீண் கௌரவம் என்று தள்ளிவிடுவது எளிது. 310 என்ற எண்ணுக்கு அங்கே ஒரு மதிப்பு இருந்ததும் மெய்தான். ஆயினும் சட்டமன்ற உறுப்பினர் வாலி நாக்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும் ராஜ்யத்தின் பொதுப் பயன்பாட்டு ஆணையத்தின் முன் வைத்த விண்ணப்பத்தை அடுத்து எழுந்தது கௌரவப் பிரச்சினை அன்று, கணக்குப் பிரச்சினை: எண்கள் தீர்ந்துவிட்டனவென்றால் அவை யார் கையில் எத்தனை இருக்கின்றன? இதற்கு முந்திய பிரிவினைகளின்போதெல்லாம் இக்கேள்விக்கு விடை காண்பது இன்றியமையாததாகக் கருதப்படாமலிருந்தது என்பதே எனக்கு வியப்பாயிருக்கிறது. செப்டம்பரில் ஆணையம் 424 ஐ நிறுத்தி வைத்தது. அதே மாதத்தில் மத்திய ஆணையமும் எண்களை ஆயிரம் ஆயிரமாகப் பங்கிடும் முறையைச் சோதிக்கக் கலிபோர்னியாவுக்கு அதிகாரம் தந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் 310 இல் அம்முறை தொடங்கியது. பத்து சதவீதத்துக்கு மேற்படாத உபயோகமுள்ள ஆயிர எண் தொகுதிகளை ஸ்தாபனங்கள் பொதுக் களஞ்சியத்துக்குத் திருப்பித் தரலாயின. எண்ணை மாற்றாமல் ஸ்தாபனத்தை மாற்றிக்கொள்ளும் வசதிக்காக ஏற்பட்ட தரவுப் பதிவேடே இதைச் சாத்தியமாக்கிற்று. இலினாயில் 847 பகுதியில் 1998 லேயே இது பரீட்சிக்கப்பட்டிருந்தது. கணக்கெடுத்துப் பார்த்ததில், தீர்ந்துபோகும் தறுவாயில் இருப்பதாகச் சொல்லப்பட்ட 310 இல் சுமார் 30 லட்சம் எண்கள் உபயோகமின்றிக் கிடப்பது தெரியவந்தது.

இதற்கு ஆட்சேபம் இல்லாமலில்லை. தொலைநகல், பேஜர், கைபேசி, கணினிக்கென்று தனிக் கம்பி என்று ஒரே வீட்டில் பல எண்கள் குடியேறிய காலம் அது. தேவை பெருகவேயில்லை என்று எவரும் வாதிக்க முடியாது. பங்கீட்டைத் திருத்தியதும் நாளைத் தள்ளிப்போட்டதேயன்றி வேறில்லை, கடைசியில் 424 வந்தே தீர்ந்ததல்லவா என்றும் கேட்கலாம். வந்தது உண்மை: 2006 ஆகஸ்ட் 26 அன்று. ஆனால் 1999 இல் இனி இடமில்லை என்று சொல்லப்பட்ட பகுதி, பேசுவோர் குறையாமலே, மேலும் ஏழாண்டுகள் தாங்கியது. பஞ்சத்துக்கு மூலகாரணம் ஜனப்பெருக்கமாயிருந்தால் ஏழு மாதங்கூடத் தாங்கியிராது.

இதற்கு மற்றொரு சான்று பழைய 213 இலேயே கிடைக்கிறது. 1998 இல் அது மீண்டும் பிளக்கப்பட்டு, லாஸ் ஏஞ்சலிஸின் மையக் கடைவீதிப் பகுதியான சில சதுர மைல்கள் மட்டுமே 213 ஆக நிற்க, அதைச் சூழ்ந்த பகுதி 323 என்று வளையம்போல் அமைந்தது. 1947 இல் ராஜ்யத்தின் தெற்கு முழுவதையும் ஆண்ட எண்ணுக்கு இந்தக் கதி. அத்தனை சிறிய நிலத்துக்கு ஏறத்தாழ எண்பது லட்சம் எண்கள் தேவைப்படுமா என்று யோசித்திருந்தால் அந்தக் கோட்டை வரைந்திருக்க மாட்டார்கள். வளையத்தில் எண்கள் குறைந்து, நடுவே மிகுந்து கிடக்க, 2017 ஆகஸ்டில் அந்த எல்லையையே அழித்து, இரு குறியெண்களும் இரு நிலங்களுக்கும் பொதுவென்று ஆக்கினார்கள்.

எல்லைக் கோடு அழிந்தாலும் கட்டண மையம் அழியவில்லை. நாட்டுக்குள் எத்தனை தூரம் பேசினாலும் ஒரே கட்டணம் என்ற வழக்கம் கைபேசியோடு ஏறக்குறைய எங்கும் பரவிவிட்ட பின்னும், ஆயிர எண் தொகுதி ஒவ்வொன்றும் இன்றளவும் ஏதேனும் ஒரு மையத்தின் பேரிலேயே வழங்கப்படுகிறது. ஒரு மையத்தில் மிஞ்சிய தொகுதியை அடுத்த மையத்தில் உபயோகிப்பதற்கில்லை. மையங்களை ஒன்று சேர்த்தால் மேலும் எத்தனை எண்கள் மீளும் என்பதைக் கணக்கிடாமல், இனி எந்தப் பகுதிக்கும் புதிய குறியெண் அனுமதிப்பது முறையன்று.