மாமல்லபுரத்தில் எங்கே ரூம் போடலாம்? புக் பண்ணும் முன் இதைப் பாருங்க!

சென்னையிலிருந்து கிழக்கு கடற்கரைச் சாலையில் ஒன்றரை மணி நேரப் பயணம்தான், ரூம் எதற்கு என்று தோன்றும். ஆனால் கடற்கரைக் கோயில் காலை 6 மணிக்கே திறந்துவிடும். டூரிஸ்ட் வண்டிகள் வந்து குவிவதற்குள், வெயில் ஏறாத நேரத்தில் நிதானமாகப் பார்க்கணும்னா முந்தைய ராத்திரி அங்கேயே தங்குவதுதான் வசதி.

அதற்குத் தோதான இடம் ஒத்தவாடை தெரு. வெளிநாட்டுப் பயணிகள் தங்கிப் பழகிய பகுதி என்பதால் சின்னச் சின்ன கெஸ்ட் ஹவுஸ்களும் மீன் உணவகங்களும் நிறைய. கடற்கரைக் கோயில், அர்ச்சுனன் தபசு இரண்டுக்கும் நடந்தே போயிடலாம். ஐந்து ரதத்துக்கு மட்டும் ஆட்டோ பிடிப்பது நல்லது. தெரு குறுகல், காரில் போறவங்க பார்க்கிங் உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கோங்க.

குழந்தைகள், வயசானவர்களோடு போனால் தோட்டம், நீச்சல் குளம் உள்ள ரிசார்ட் சரிவரும். ஆனால் 'மாமல்லபுரம் அருகில்' என்ற விளம்பரத்தை மட்டும் நம்பாமல் மேப்பில் தூரத்தைப் பாருங்க. 2019-ல் சீன அதிபர் ஷி ஜின்பிங்கை மாமல்லபுரத்தில் சந்தித்த பிரதமர் மோடி தங்கியது கோவளத்தில்; அது கிட்டத்தட்ட 20 கி.மீ. வடக்கே. அலைச்சறுக்கு கத்துக்கணும்னா கோவளமே பொருத்தம். கோயில்தான் நோக்கம் என்றால் தினமும் வண்டிச் செலவு சேரும்.

வார இறுதியிலும், டிசம்பர் கடைசியில் நாட்டிய விழா தொடங்கும்போதும் வாடகை எகிறும்.

இன்னொன்று, 'சீ வியூ' ரூமுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது கடலைப் பார்க்க மட்டும்தான். இங்கே அலையின் இழுப்பு அதிகம். குளிக்க இறங்கியவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள்.