ஊதிப் பார்த்த காகிதம்

திருவனந்தபுரத்தில் இதய அறுவை சிகிச்சை வளர்ந்த கதையைச் சொல்பவர்கள் ஒரு வால்வில் தொடங்கி அந்த வால்விலேயே முடிப்பார்கள். பெருமைப்படத் தக்க கதைதான் அது. 1973இல் திருவிதாங்கூர் அரச குடும்பம் பல மாடிக் கட்டடம் ஒன்றைக் கேரள மக்களுக்குக் கொடையாக அளித்தது. மறு ஆண்டு இதய அறுவை நிபுணர் டாக்டர் எம். எஸ். வலியத்தான் வந்து பொறுப்பேற்றார். 1976இல் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ மையம் திறக்கப்பட்டது. பூஜப்புரையில் மகாராணி சேதுலட்சுமி பாய் வாழ்ந்த சாட்டல்மோண்ட் அரண்மனை, மருத்துவக் கருவிகளை உருவாக்கும் ஆய்வுக்கூடமாக மாறியது. 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே, ஸ்ரீ சித்ரா என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த மையம் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமானது. வெளிநாட்டு வால்வின் விலை ஏழைக்கு எட்டாது என்பதால் இங்கேயே ஒன்றைச் செய்ய முனைந்தார்கள். பல மாதிரிகளைக் கைவிட்ட பிறகு தேறிய சித்ரா வால்வு, 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. சென்னையின் டி.டி.கே. குழுமம் அதைத் தயாரித்தது. இதுவரை ஒரு லட்சம் பேருக்கு மேல் பொருத்தியிருக்கிறார்கள்.

ஆனால் அந்த நோயாளிகள் எதைச் சொல்லிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார்கள்? வால்வு கெட்டுவிட்டது என்று யாரும் சொல்லி வரவில்லை. மூச்சு வாங்குகிறது, மாடிப்படி ஏற முடியவில்லை, படுத்தால் அடைக்கிறது, இரவில் எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது என்றுதான் சொன்னார்கள். சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டால், நுரையீரலிலிருந்து திரும்பும் இரத்தம் இதயத்துக்குள் இறங்க வழியின்றித் தேங்குகிறது. நுரையீரல் கனத்து, விறைத்து, விரிய மறுக்கிறது. நோய் இதயத்தில், அதன் தண்டனை நுரையீரலுக்கு. ஆகவே இந்த ஊரின் இதய அறுவை வரலாற்றை மூச்சின் வரலாறாகவும் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. அப்படிப் படித்தால், அறுவைக்கு முன் நோயாளியை ஊதச் சொல்லி எடுக்கும் சோதனைக்கு நாம் இதுவரை கொடுத்த இடம் போதாது என்பதும் விளங்கும்.

அறுவையின்போது நுரையீரலுக்கு என்ன நேர்கிறது என்று பார்த்தால் இது தெளிவாகும். 1953 மே மாதம் அமெரிக்காவில் ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தை வெற்றிகரமாகப் பயன்படுத்திய நாள் முதல், இதயத்தைத் திறந்து செய்யும் அறுவை என்றாலே நுரையீரலையும் சில மணி நேரம் ஓய்த்து வைப்பது என்றாயிற்று. இரத்தம் குழாய் வழியே வெளியே போய் ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு திரும்புகிறது. அந்தப் பணிக்கான ஆக்சிஜனேற்றியையும் ஸ்ரீ சித்ரா உருவாக்கியது. செயற்கை நுரையீரல் ஓடிக்கொண்டிருக்கையில், சொந்த நுரையீரல் காற்று வாங்காமல் சுருங்கிக் கிடக்கிறது. இயந்திரத்தின் பரப்பைத் தொட்டு வரும் இரத்தம் உடலெங்கும் அழற்சியைத் தூண்டுகிறது. 1960களில் இதன் கடுமையான வடிவத்தைப் ‘பம்ப் லங்’ என்றே அழைத்தார்கள். இதயத்தைக் குளிர்விக்கப் போடும் பனிக்கூழ், அதை ஒட்டி ஓடும் நரம்பைப் பாதித்தால் இடப்பக்க உதரவிதானம் அசையாமல் நின்றுவிடும். மார்பெலும்பைப் பிளந்து கம்பியால் கட்டியிருப்பதால் ஆழ்ந்து மூச்சிழுக்க வலிக்கிறது. வலிப்பதால் இருமத் தயங்குகிறார்கள். இருமாததால் சளி தங்குகிறது. இடது நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிக்கொள்கிறது. இதயம் சீராகிவிட்டது என்று மருத்துவர் சொல்லும் அதே நாளில், நோயாளி ஊதும் காற்றின் அளவு முன்பிருந்ததைவிடப் பெரிதும் குறைந்திருக்கும். அது பழைய நிலைக்குத் திரும்ப வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும்.

இந்தக் குறைவை அளக்கும் கருவி, இதய அறுவையைவிட நூறாண்டு மூத்தது. 1846இல் லண்டனில் ஜான் ஹச்சின்சன், தண்ணீரில் மிதக்கும் மணி போன்ற ஸ்பைரோமீட்டரை வைத்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊதச் செய்தார். உயரம் கூடக் கூட மூச்சின் கொள்ளளவும் கூடுகிறது என்று காட்டினார். 1947இல் பிரான்சின் டிஃபெனோ முதல் ஒரு விநாடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்று பார்க்கும் வழியைக் கொண்டுவந்தார். இன்றைய சோதனையின் இரண்டு தூண்கள் இவை. ஆனால் ஊதிய அளவை எதனோடு ஒப்பிடுவது? அங்கேதான் சிக்கல். கருவி, ‘இருக்க வேண்டிய அளவில் இத்தனை சதவீதம்’ என்று சொல்கிறது; அந்த ‘இருக்க வேண்டிய அளவு’ வேறொரு நாட்டு மக்களை அளந்து போட்ட அட்டவணை. ஒரு பெண் 1.4 லிட்டர் ஊதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அட்டவணை அவருக்கு 2.5 லிட்டர் வேண்டும் என்றால் 56 சதவீதம். இன்னோர் அட்டவணை 2.1 போதும் என்றால் 67 சதவீதம். அறுவையின் ஆபத்தைக் கணக்கிடும் அமெரிக்க முறையில் முதல் எண் நடுத்தர நுரையீரல் நோய், இரண்டாவது லேசான நோய். ஊதிய மூச்சு ஒன்றுதான். வால்வை நம் ஊரிலேயே செய்யத் துணிந்த நாடு, மூச்சின் அளவுகோலுக்கு நெடுநாள் பிறர் அட்டவணையை நம்பியிருந்தது. 1990இல் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தின் வி. கே. விஜயனும் உடன் பணியாற்றியவர்களும் ஆரோக்கியமான இளம் வயதினரை அளந்து வெளியிட்ட எண்களைப் போன்றவை அந்தக் குறையை ஓரளவு நிரப்பின.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நம்மவர்க்குத் தனி அட்டவணை போடுவது ஆபத்து என்பார்கள். அதை ஒதுக்க முடியாது. அமெரிக்காவில் அடிமைத் தோட்டங்களின் மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட் இதே கருவியைக் கொண்டு கறுப்பின மக்களின் நுரையீரல் பிறவியிலேயே குறைந்தது என்று வாதிட்டார். அந்தக் கறை ‘இனத் திருத்தம்’ என்ற பெயரில் கருவிகளுக்குள்ளேயே நெடுங்காலம் தங்கியது. 2023இல்தான் அமெரிக்க மார்பு மருத்துவச் சங்கம் இனம் பாராத அட்டவணையைப் பரிந்துரைத்தது. விறகடுப்புப் புகையும் சிறுவயதுச் சத்துக்குறைவும் நம் நுரையீரலைச் சுருக்கியிருந்தால், அந்தச் சுருக்கத்தையே ‘இயல்பு’ என்று எழுதிவைப்பது அநீதி. இன்னொரு மறுப்பு மருத்துவர்களிடமிருந்து வரும்: வால்வு நோயில் நுரையீரல் அளவு குறைவது இதயத்தால்தான், வால்வு சரியானால் அதுவும் தேறும், பிறகு எதற்குச் சோதனை?

இரண்டுக்கும் என் விடை ஒன்றே. அறுவை நோயாளியைப் பொறுத்தவரை மிக நேர்மையான அளவுகோல் அவரது சொந்த மூச்சு. அறுவைக்கு முன் அவர் எவ்வளவு ஊதினார் என்பது தெரிந்தால், பிறகு எவ்வளவு குறைந்தது, எவ்வளவு மீண்டது என்று சொல்ல எந்த இனத்தின் அட்டவணையும் தேவையில்லை. இரண்டாவது மறுப்பு இந்த வாதத்துக்கே பலம் சேர்க்கிறது: வால்வு சரியான பிறகும் மூச்சு தேறவில்லை என்றால் அசையாத உதரவிதானமோ, தங்கிய நீரோ, பழைய ஆஸ்துமாவோ காரணமாக இருக்கலாம், அறுவைக்கு முந்தைய அளவு இல்லாமல் அதை எப்படிச் சந்தேகிப்பது? முன்கூட்டிய அக்கறைக்குப் பலன் உண்டு என்பதற்கும் சான்று இருக்கிறது. நெதர்லாந்தில் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வில், பைபாஸ் அறுவைக்குக் காத்திருந்த, ஆபத்து மிகுந்த நோயாளிகளுக்கு மூச்சிழுக்கும் தசைப் பயிற்சி கொடுத்தபோது நுரையீரல் சிக்கல் 35 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அறுவைக்குப் பின் வார்டில் கொடுக்கும், மூச்சிழுத்துப் பந்துகளை உயர்த்தும் மூன்று பந்துக் கருவி மட்டுமே காப்பாற்றும் என்பதற்கு இதற்கு இணையான சான்று கிடைக்கவில்லை. பந்தைத் தூக்கிப் பழகும் காலம் அறுவைக்கு முன்பே தொடங்க வேண்டும் என்பதே இதிலிருந்து நான் கொள்ளும் பொருள்.

முன்பு திருவிதாங்கூரோடும், பின் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்த கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து இன்றும் இதய நோயாளிகள் திருவனந்தபுரத்துக்குப் போய் வருகிறார்கள். அவர்களிடமும், அவர்களை அழைத்துச் செல்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: அறுவைக்கு முன் ஊதிப் பார்த்த காகிதத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எக்கோ அறிக்கையோடு சேர்த்து அதே கோப்பில் வையுங்கள். மூன்று மாதம் கழித்தும் படியேற மூச்சு வாங்கினால், அதை எடுத்துக்கொண்டு போய் மறுபடியும் ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள்.